நடுப்பதம்

டர்பன், பாயிண்ட் துறைமுகம்,
குடியேற்ற அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னல்.
மேசைக்கு அந்தப் பக்கம் துரை. இந்தப் பக்கம் காத்தாயி.
நடுவில் நான்,
மாதம் ஆறு பவுன் சம்பளத்தில்
இருவருக்கும் பொதுவான ஒரே வாய்.

துரை பேனாவை மையில் தொட்டு நிதானமாகச் சொன்னார்:
பல மனைவியரை அனுமதிக்கும் முறையில் நடந்த எந்தத் திருமணமும்
இந்த நாட்டில் திருமணம் இல்லை.
இவளுடையது அந்த முறையில் நடந்தது.
ஆகவே.

ஆகவேக்குப் பிறகு அவர் பேசவில்லை. தேவையும் இல்லை.
மிஷன் பள்ளியில் பிரம்புக்குப் பயந்து நான் ஒப்பித்த பெயர்கள்:
பார்பரா, செலாரெண்ட், டாரீ, ஃபெரியோ.
நாலு வெள்ளைக்காரச் சகோதரிகள் என்றே
நெடுநாள் நினைத்திருந்தேன்.
இப்போது வந்து நிற்பவள் இரண்டாமவள், செலாரெண்ட்.
எதுவும் அல்ல; எல்லாம் இது; ஆகவே எதுவும் அல்ல.
மூட்டில் ஒரு பிசகு கிடையாது.
எந்தத் தச்சனும் குறை சொல்ல மாட்டான்.
மரம் தேக்கா, உளுத்ததா என்று மட்டும்
செலாரெண்ட் கேட்பதில்லை.

தமிழில் சொன்னேன்.
"அவருக்கு நான் ஒருத்திதானே?" என்றாள்.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
முறை அனுமதிக்கிறதா என்பதே கேள்வி, என்றார் துரை,
அவன் செய்தானா என்பதல்ல.

முந்தானை முடிச்சை அவிழ்த்து
மேசை மேல் வரிசையாகப் பரப்பினாள்
பதினோரு மணியார்டர் துண்டுகள்.
டொங்காட் சர்க்கரை ஆலையிலிருந்து
வையாபுரி படையாச்சி அனுப்பியவை.
ஒவ்வொன்றிலும் வேறு யாரோ எழுதிய எழுத்து,
அடியில் மட்டும் அதே கோணல் கீறல்.
"புருசன் இல்லாதவன் எதுக்கு அனுப்பறான்?"

அண்ணனும் அனுப்புவான், என்றார் துரை.
சரிதான்.
நனைந்தவரெல்லாம் மழையில் நனைந்தவரல்லர்.
மனசுக்குள் நானே துரைக்கு மதிப்பெண் போட்டேன்,
அதற்காக இன்றைக்கும் கூசுகிறது.

அப்போது அவள் ஆறாவதற்கும் ஏழாவதற்கும் இடையில்
வெறும் மேசையின் மேல் விரல் வைத்தாள்.
"இங்க நாலு மாசம் வரல.
கேக்காம ஆட்டை வித்துட்டேன்னு கோவம்.
அண்ணன் கோவிச்சா பாதியாச்சும் அனுப்புவான் சாமி.
இப்படி அடியோட நிறுத்தறது
புருசன் மட்டுந்தான்."

இல்லாத காகிதத்தை ஏதுவாக வைத்து
வாதாடிய ஒருவரை
நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வடக்கே, கரும்புக்காடு எரிந்தது,
வெட்டுக்கு முன் சோகை கழிக்கும் தீ.
புகை தெரிந்தது. நெருப்பு தெரியவில்லை.
இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மொழிபெயர்த்தேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.
ஊடல் என்பதற்குச் சொல் அகப்படாமல்
கொஞ்சம் திணறினேன். துரை சிரித்தார்.
பிறகு எழுதினார்.

இரண்டு மறுப்புகளிலிருந்து எதுவும் பிறக்காது,
அப்படித்தான் விதி.
இங்கே இவள் மனைவி இல்லை.
நாகப்பட்டினத்தில் இவளுக்கு யாரும் இல்லை.
பிறந்தது ஒரு கப்பல் சீட்டு,
செவ்வாய்க்கிழமைக்கு.

இரவு ஞானப்பூ மீன்குழம்பு ஊற்றினாள்.
மோதிரம் மாற்றி, பாதிரியார் கையெழுத்திட்டு நடந்தது எங்கள் திருமணம்.
ஆறு வருடமாய் உப்புக்கும் புளிக்கும் மட்டும் பேசுகிறோம்.
அவள் மனைவி. பார்பராவோ டாரீயோ
யாரோ ஒருத்தி சாட்சி.
"இன்னிக்கு என்ன?"
"ஒண்ணுமில்ல."

முதல் வாக்கியத்திலும் நின்று, இரண்டாவதிலும் நின்று,
இரண்டையும் கோத்துவிட்டு
முடிவில் காணாமல் போகும் சொல்லுக்கு
நடுப்பதம் என்று பெயர்.
பதிவேட்டை ஒருநாள் திருட்டுத்தனமாகப் புரட்டினேன்.
துரையின் கையொப்பம் இருந்தது.
காத்தாயியின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது.

படியிறங்கும்போது அவள் திரும்பிக் கேட்டது அதில் இல்லை:
"நீங்க சொல்லுங்க. நான் பொண்டாட்டியா, இல்லியா?"

அதை யாருக்கு மொழிபெயர்ப்பது?